கீல் வைத்த மாவுக்கட்டு

கட்டுப் போடுவது ஒரு மாதத்தில் வந்துவிடும். அவிழ்ப்பதுதான் வராது.

புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லாரும் போடுவதைத்தான் பார்க்கிறீர்கள். தண்ணீர் எவ்வளவு சூடு, எத்தனை சுற்று, எங்கே பஞ்சு கூட வைக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். கேளுங்கள், நல்லதுதான். இப்போது இருப்பவர்கள் சொல்லித் தருவார்கள். நான் அதை எழுதப் போவதில்லை. எழுதுவதும் எனக்கு அதிகம் வராது. எட்டாவதோடு நின்றவன். நம் ஆஸ்பத்திரியில் கட்டு ரூமிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் நின்றே காலம் போனது. முழங்காலும் அங்கேயே போனது. கேட்டீர்கள் என்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

அவிழ்க்கும்போது கவனியுங்கள். உள்ளே என்ன இருந்தது என்று பாருங்கள். அந்தக் கையோடு ஒரு மனுஷன் எப்படி இருந்தான் என்பது அதில் தெரியும். அஞ்செட்டிப் பக்கத்துக்காரர் கட்டில் கேழ்வரகு உமி இருக்கும், மாட்டு முடி இருக்கும். பஸ் கிடைக்காமல் மழையில் நடந்திருப்பார். கட்டு ஊறிக் களியாகியிருக்கும். கெலமங்கலத்தில் தக்காளி கூடை தூக்குகிறவர் கட்டு ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். கம்பெனிப் பையன்கள் கட்டில் கிரீஸ் இருக்கும். அரிக்கிறது என்று உள்ளே விட்டு உடைந்து போன ஸ்கேல், வெல்டிங் ராடு, ஹாக்ஸா பிளேடு எல்லாம் எடுத்திருக்கிறேன். யாரையும் திட்டியதில்லை. திட்டி என்ன ஆகப்போகிறது.

ஒரே ஒரு கட்டில் கீல் இருந்தது. அலமாரிக் கதவுக்குப் போடுகிற பித்தளைக் கீல்.

அவன் பெயர் சுடலைமுத்து. சங்கரன்கோவில் பக்கம். இரண்டாயிரத்துக்குப் பிறகு தெற்கேயிருந்து பையன்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிய சமயம். ஒரு ரூமில் ஆறு ஏழு பேர் படுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போவார்கள். இவன் டூல் ரூமில் டிரெய்னி. மெஷினுக்கு வேண்டிய அச்சு செய்கிற இடம் அது. இரும்பை மயிரிழை கூடாமல் குறையாமல் அராவ வேண்டும். டிரெய்னிங் முடிகிற சமயத்தில் கம்பெனியே ஒரு டெஸ்ட் வைக்கும். ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து, படத்தில் இருப்பது போல அராவிக் காட்டு என்பார்கள். தேறினால் பெர்மனென்ட். தேறாவிட்டால் ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படி வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தான். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டு சில வாரம் வேலைக்குப் போனான். வலி போகவில்லை. அப்புறம்தான் நம்மிடம் வந்தான்.

மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு அடியில், முந்திரிப்பருப்பு மாதிரி ஒரு எலும்பு இருக்கிறது. உடைந்தால் வெளியே பெரிதாகத் தெரியாது. அதற்கு ரத்தம் போகிற வழி குறுகல். அசையாமல் வைத்தால் மெதுவாகச் சேரும். அசைந்தால் சேராது. நம் பெரிய டாக்டர் ஒவ்வொரு ஆளிடமும் இதைச் சொல்லுவார். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடித்து முழங்கைக்குக் கீழே வரை கட்டுப் போட்டேன். லீவு போட்டு ஒழுங்காக இருந்தான். முதல் கட்டை அவிழ்த்து எக்ஸ்ரே படம் எடுத்தபோது கொஞ்சம் இடைவெளி இருந்தது. இன்னொரு கட்டு, இன்னும் கொஞ்ச நாள் என்றார் டாக்டர். போட்டு அனுப்பினேன்.

அந்த இரண்டாவது கட்டை அவிழ்க்க வந்தான். உட்கார வைத்துக் கட்டு வெட்டும் மெஷினை ஓட்டினேன். மாவில் ஓடும்போது ஒரு சத்தம், பஞ்சில் பட்டால் ஒரு சத்தம். இது கிறீச்சென்று இழுத்தது. நிறுத்தினேன்.

"உள்ள என்னாப்பா இருக்குது?"

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. நீங்க வெட்டுங்க."

"பிளேடு போயிடும். சொல்லு."

"அப்பம் அந்தப் பக்கம் வேண்டாம். இந்தப் பக்கமா வெட்டுங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்கே புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

மேலே இருந்த சுற்றுகளை உரித்தேன். அது என் சுற்று இல்லை. கடையில் ரோல் வாங்கி யாரோ புதிதாகச் சுற்றியிருக்கிறார்கள். கீழே என் கட்டு இருந்தது. நீளவாக்கில் இரண்டாக வெட்டியிருந்தது. ஒரு பக்கம் இரண்டு கீல். மறுபக்கம் டூல் பாக்ஸுக்குப் போடுகிற கொக்கி. வெட்டு வாயில் ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தது. திருகு உள்ளே குத்தாதபடி முனையை அராவி மழுக்கியிருந்தான். கொக்கியை எடுத்துவிட்டேன். கட்டு பெட்டி மாதிரி திறந்தது. கை உள்ளே இருந்தது.

"என்னாது இது?"

"கீலு."

"கீலுன்னு தெரியுது. என் கட்டுல என்னா பண்ணுது?"

"தொறந்து மூடணும்லா அண்ணாச்சி. சும்மா வெட்டித் துணியால கட்டுனா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி உக்காரும். கீலு போட்டா அதே எடத்துல போயி உக்காரும். அலைன்மென்ட் மாறாது."

"அலைன்மென்ட்," என்றேன்.

பிறகு அவனாகச் சொன்னான். லீவு முடிந்துவிட்டது. டெஸ்டுக்கு நாள் நெருங்குகிறது. கட்டோடு போனால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். அதனால் ரூமில் இருந்த இன்னொரு பையனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி இடது கையால் பிளேடு போட்டு வெட்டியிருக்கிறான். தினமும் பஸ் ஸ்டாப்பில் கட்டைக் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொள்வான். கையில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு, சுளுக்கு என்று சொல்லி உள்ளே போவான். ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறியதும் மறுபடி மாட்டிக்கொள்வான். நம்மிடம் வருகிற நாள் என்பதால்தான் மேலே புதிதாகச் சுற்றி மறைத்திருக்கிறான். பஸ்ஸில் எல்லாருக்கும் தெரியுமாம். "டிபன் பாக்ஸை மூடியாச்சா மாப்ள" என்று கேட்பார்களாம்.

"சாருட்ட சொல்லிராதீங்க அண்ணாச்சி. அவுக கம்பெனிக்குச் சொல்லிட்டா என் பொழப்பு போச்சு."

நான் அவனைப் பார்த்தேன். அவனுக்குப் பின்னால் பெஞ்சில் ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"நான் சொல்ல மாட்டன்," என்றேன். "நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறன்."

"சொல்லலேன்னா?"

"இதை ட்ரேயில வெச்சி எடுத்தாரன். நீ வாயத் தொறக்கலைன்னா மேசை மேல வெப்பன்."

படம் எடுத்தார்கள். ட்ரேயில் கட்டை வைத்து மேலே டவல் போட்டுக்கொண்டு அவன் பின்னால் போனேன்.

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். வெகுநேரம் பார்த்தார். இடைவெளி போன தடவையை விடப் பெரிதாக இருந்தது. எனக்கே தெரிந்தது. இரண்டு துண்டும் ஒன்றை ஒன்று திரும்பிப் பார்க்காத அண்ணன் தம்பி மாதிரி நின்றன.

"இவ்வளவு நாள் அசையாம வச்சும் சேரலைன்னா, உள் பக்கத்துத் துண்டுல உயிர் இல்லைன்னுதான் நினைக்கணும்," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. "வேற எலும்பு வச்சாலும் பிடிக்குமான்னு சந்தேகம். பேசாம மணிக்கட்டைப் பூட்டிடலாம். வலி போயிடும். ஆனா கை மடங்காது. யோசிச்சுச் சொல்லு."

பூட்டிய மணிக்கட்டோடு அரம் பிடிக்க முடியுமா என்று சுடலை யோசிப்பது தெரிந்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் ட்ரேயை மேசைக்கு அருகில் கொண்டு போனேன். அவன் என்னைப் பார்த்தான். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

"சார், அசையாம வைக்கல சார்," என்றான்.

டவலை எடுத்தேன்.

டாக்டர் கட்டைக் கையில் எடுத்தார். கொக்கியைத் தள்ளித் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். மழுக்கிய திருகு முனையை விரலால் தடவிப் பார்த்தார்.

"நீயே செஞ்சதா?"

"ஆமா சார்."

"நல்லா செஞ்சிருக்கடா."

"தேங்ஸ் சார்."

"ஷிஃப்ட்டுல என்ன வேலை?"

"ஃபைலிங்தான் சார். பெஞ்சுல வச்சு அராவுற வேலை."

"அப்ப ராத்திரி பூரா அது ஒட்டப் பார்க்கும். காலையில போய் நீயே அதை அராவி எடுத்துட்டு வருவ."

டாக்டர் திரும்பிப் படத்தை மறுபடி பார்த்தார். இந்தத் தடவை வேறு மாதிரி பார்த்தார். பிறகு சொன்னார். இந்த எலும்பு சேராமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. செத்துத்தான் ஆக வேண்டும் என்று இல்லை. இடுப்பு எலும்பிலிருந்து ஒரு துண்டு எடுத்து, செதுக்கி, இடைவெளியில் ஆப்பு மாதிரி வைத்து, கம்பி போட்டு நிறுத்தலாம். உள்ளே பார்த்து, ரத்தம் கசிந்தால் வைக்கலாம்.

"கைக்கு இடுப்புலயா சார் ஸ்பேர் பார்ட்ஸு?" என்றான் சுடலை.

டாக்டர் சிரித்தார். உடனே நிறுத்திக்கொண்டார். "ஒரு தடவைதான். இதையும் நீ கெடுத்தா அடுத்தது பூட்டுறதுதான். கம்பெனிக்கு நான் போன் பண்ணமாட்டேன். நீயே போய்ச் சொல்லு, ஆபரேஷன்னு."

பிள்ளைகளே, இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவன் கட்டை நான் பார்த்துவிட்டேன் என்பது பெரிய விஷயம் இல்லை. மெஷின் கத்தியது, அதனால் பார்த்தேன். அதை டாக்டர் மேசைக்குக் கொண்டு போகாமல் விட்டிருந்தால் அந்த மணிக்கட்டு அன்றைக்கே பூட்டப்பட்டிருக்கும். யாரும் தப்புச் செய்திருக்க மாட்டார்கள். படத்தைப் பார்த்துச் சரியாகத்தான் முடிவு எடுத்திருப்பார்கள். நமக்குத் தெரிந்த ஒன்று டாக்டருக்குத் தெரியாமல் இருந்தால், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயன் இல்லை.

ஆபரேஷன் அன்று இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி. கைக்குத் தனி ஊசி. ஆள் முழித்துக்கொண்டுதான் இருந்தான். நடுவில் பச்சைத் துணி கட்டியிருந்தது. துணிக்கு அந்தப் பக்கம் அவன் தலை. இந்தப் பக்கம் நாங்கள். நான் கிருமி நீக்கிய துணி போடாதவன். விளக்கைத் திருப்புவது, கேட்டதை எடுத்து வருவது என் வேலை. நடுவில் எக்ஸ்ரே பார்ப்பார்கள் என்பதால் ஈய அங்கியைப் போட்டுக்கொண்டு நிற்பேன். அதன் கனம் முதுகில் இன்னும் இருக்கிறது.

கையைத் திறந்து உடைந்த முகத்தைச் சுரண்டினார் டாக்டர். எல்லாரும் குனிந்து பார்த்தோம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஊசி முனை அளவுக்குச் சிவப்பு வந்தது. டாக்டர் மூச்சு விட்டார். மயக்க டாக்டர், "என்ன?" என்று கேட்டார். "இருக்கு," என்றார்.

இடுப்பில் வெட்டி ஒரு துண்டு எடுத்தார். ஓரத்தில் நின்று பொறுமையாகச் செதுக்கினார். வைத்துப் பார்ப்பார், எடுப்பார், மறுபடி செதுக்குவார். கடைசியில் உட்கார்ந்தது. அதை மறுபடி எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் போட்டு சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு, கம்பிக்கு வழி பார்க்கத் திரும்பினார்.

அந்த சிஸ்டர் ஆனேக்கல் பக்கத்துப் பெண். சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கன்னடம்தான் நன்றாக வரும். கிண்ணத்தை மேசையில் வைக்கப் போனாள். கையுறை ஈரம். கிண்ணம் சாய்ந்தது. சத்தமே இல்லை. ஒரு பருப்பு அளவு எலும்பு விழுந்தால் என்ன சத்தம் வரும். என் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது.

அவள் பார்த்தாள். நான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை.

"அண்ணா," என்றாள், மூச்சோடு மூச்சாக. "ஏன் மாட்லி?"

என்ன செய்யட்டும் என்கிறாள். கண்ணில் தண்ணீர் நின்றது. டாக்டர் முதுகு எங்கள் பக்கம் இருந்தது. அந்த எலும்புத் துண்டுக்காகக் கையைப் பின்னால் நீட்டி, "கிராஃப்ட்," என்றார்.

அந்த நேரத்தில் மனசு என்னென்னவோ சொல்லும். எடுத்து மருந்துத் தண்ணீரில் அலசிக் கொடுத்தால் யாருக்குத் தெரியும் என்று சொல்லும். அந்தப் பெண்ணுக்கு வேலை போகுமே என்று சொல்லும். ஏற்கெனவே நேரம் ஆகிவிட்டது, கையில் போட்ட ஊசி எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்லும். எல்லாம் நியாயமாகவே இருக்கும். அதனால் யோசிக்காதீர்கள். சொல்லிவிடுங்கள்.

"சார், கீழ விழுந்துடிச்சு."

டாக்டர் திரும்பினார். தரையைப் பார்த்தார். சிஸ்டரைப் பார்த்தார். யார் என்று அவர் கேட்கவில்லை. கையை இடுப்புப் பக்கம் நீட்டி, "உளி," என்றார். இன்னொரு துண்டு எடுக்கப் போகிறார்.

துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"சார், கீழ விழுந்ததா? என் எலும்பா?"

"ஆமாடா."

"எங்க கம்பெனில கீழ விழுந்த ஜாப்ப கழிவுன்னு செவப்பு டப்பால போட்டுருவோம் சார். தொடச்சிக்கூட வைக்கப்படாது."

"இங்கயும் அதான். வாய மூடிட்டுப் படு."

அங்கே அவ்வளவு சட்டம் தெரிந்தவன். தன் கைக்கு மட்டும் கீல் போட்டிருக்கிறான். நான் அதை நினைத்தேன். டாக்டரும் நினைத்திருப்பார். மாஸ்க்குக்கு மேலே அவர் கண் சுருங்கியது.

இரண்டாவது துண்டைச் செதுக்க முதலாவதை விட அதிக நேரம் ஆனது. வைத்தார். கம்பி போட்டார். நான் கட்டுப் போட்டேன்.

வெளியே வந்தபின் சிஸ்டர் துணி மாற்றும் ரூமில் அழுதாள். டாக்டர் அவளைக் கூப்பிட்டு, "விழும். விழுந்தா சத்தமா சொல்லு. அண்ணன் சொல்றதுக்கு முன்னாடி நீ சொல்லியிருக்கணும்," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பெண் நம் தியேட்டரில் ஒரு பஞ்சு விழுந்தால்கூட ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லுவாள். நாங்கள் சிரிப்போம். ஆனால் அவள் இருக்கிற நாளில் எல்லாருக்கும் கொஞ்சம் நிம்மதி.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

ஆபரேஷன் முடிந்து வாரங்கள் போயின. தையல் பிரித்தோம். புதுக் கட்டுப் போட்டோம். சுடலை இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து நடந்து வருவான். கையை விட இடுப்புதான் வலிக்கிறது என்பான். கம்பெனியில் சொல்லிவிட்டான். சம்பளம் இல்லாத லீவு. டெஸ்டைத் தள்ளிப்போட முடியுமா என்று டாக்டரே பேசிப் பார்த்தார். போன் பண்ணமாட்டேன் என்று சொன்னவர்தான். அடுத்த பேட்ச்சில் பார்க்கலாம் என்றார்களாம். அடுத்த பேட்ச் எப்போது என்றால் தெரியாது என்றார்களாம்.

ஒரு நாள் காலை, நான் கட்டு ரூமைத் திறக்கும்போதே வாசலில் நின்றான். கம்பெனி யூனிஃபார்ம். தலை வாரியிருந்தான். முகம் தூங்காத முகம்.

"அண்ணாச்சி, இன்னைக்கு டெஸ்டு. பத்து மணிக்கு."

"சரி."

"கழட்டி விடுங்க. முடிஞ்சதும் நேரா இங்கதான் வாரேன். சாயங்காலமே போட்டுக்கிடுவோம். ஒரே ஒரு நாளு."

"முடியாதுப்பா."

"வலியே இல்ல அண்ணாச்சி. ஒட்டிருச்சு. எனக்குத் தெரியுது."

"சாருகிட்ட கேளு."

"சாரு பதினோரு மணிக்குத்தான் வருவாக. நானு கேட்டுட்டேன்."

மாவு ரோல்களை எடுத்து அடுக்கினேன். அவன் நகரவில்லை.

"என்கூட வந்தவன் எல்லாம் இன்னைக்கு அராவப் போறான். எனக்கு அவனுவள விட நல்லா வரும். எங்க சூப்பர்வைசரே சொல்லுவாரு. இன்னைக்கு விட்டா நான் வந்ததுக்கே அர்த்தம் இல்ல." கட்டைத் தூக்கிக் காட்டினான். "நீங்க கழட்டலேன்னா நானே கழட்டுவேன். எனக்குத் தெரியும்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். ரூமுக்குப் போய்ப் பிளேடு எடுப்பான். கம்பி இருக்கிற கை. எங்கே வெட்டுவானோ. பத்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. டாக்டர் வீட்டுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது.

அவனோடு வாதாட என்னிடம் எதுவும் மிச்சம் இல்லை. வருஷக்கணக்காக எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், நனைக்காதே, கழற்றாதே, தூக்காதே என்று. யார் கேட்டார்கள். அவரவருக்கு அவரவர் வேலை. கட்டு வெட்டும் மெஷினை எடுத்தேன். பிளக்கில் மாட்டினேன். அவன் முன்னால் மேசையில் வைத்தேன்.

"இந்தா."

"என்ன?"

"கழட்டு. ரூம்ல வேணாம், இங்கயே கழட்டு. இது தோலை வெட்டாது. உன் பிளேடு வெட்டும்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். வேலை நேரத்தில் நான் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை.

இடது கையால் மெஷினை எடுத்தான். பட்டனைத் தட்டினான். ஓடியது. கட்டின் மேல் கொண்டு போனான். வைக்கவில்லை. நிறுத்தினான்.

"உள்ள இப்பம் அது எப்பிடி இருக்கும் அண்ணாச்சி?"

"தெரியாது."

"சாருக்குத் தெரியுமா?"

"படம் எடுத்தா கொஞ்சம் தெரியும். இன்னும் எடுக்கலையே."

"கொஞ்சமாவது ஒட்டியிருக்கும்லா?"

"ஒட்டியிருக்கலாம். பச்சையா இருக்கும். இன்னைக்கு அராவுனா இருக்காது."

மறுபடி மெஷினை ஓட்டினான். இந்தத் தடவை கட்டின் மேல் வைத்தான். வெள்ளைத் தூள் கொஞ்சம் பறந்து அவன் யூனிஃபார்மில் விழுந்தது. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து பிடுங்கியிருக்க வேண்டும் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். இருக்கலாம்.

நிறுத்தினான். மேசையில் வைத்தான். கட்டில் விரல்நீளத்துக்கு ஒரு கோடு விழுந்திருந்தது. ஆழம் இல்லை.

பெஞ்சில் போய் உட்கார்ந்தான். நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். நான் என் வேலையைப் பார்த்தேன். நடுநடுவே திரும்பிப் பார்ப்பேன். உட்கார்ந்திருப்பான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பத்து ஆனது. முள் அதைத் தாண்டியது. அப்போது எழுந்து வெளியே போய்க் குழாயில் முகம் கழுவிவிட்டு வந்தான்.

டாக்டர் வந்து அந்தக் கோட்டைப் பார்த்தார்.

"என்ன இது?"

"ட்ரையல் சார்," என்றான் சுடலை.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். "மேல ரெண்டு சுத்து போட்டு அனுப்புங்க," என்றார்.

நீங்கள் இதைச் செய்யாதீர்கள். மெஷினை நோயாளி கையில் கொடுப்பது பாடம் இல்லை. தைரியமும் இல்லை. அன்றைக்கு நான் களைத்துப் போயிருந்தேன், அவ்வளவுதான். அவன் அழுத்தியிருந்தால் இந்தக் கதையை நான் எழுதியிருக்கமாட்டேன். ஆனால் ஒன்று மட்டும் சொல்வேன். நாம் போட்ட கட்டை நாம் காவல் காக்க முடியாது. வாசல் தாண்டினால் அது அவன் கை. அதற்குள் என்ன இருக்கிறது, திறந்தால் என்ன போகும் என்று நமக்குத் தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். ஒட்டவே இல்லை என்று பொய் சொல்லிப் பயமுறுத்தியிருந்தால், எப்படியும் போனதுதானே என்று அவன் வெட்டியிருப்பான் என்று எனக்குத் தோன்றும்.

அவனுக்குப் பெர்மனென்ட் கிடைக்கவில்லை. கூட வந்தவர்களில் சிலருக்குக் கிடைத்தது. அடுத்த பேட்ச் என்று யாரும் கூப்பிடவில்லை.

கடைசிக் கட்டை அவிழ்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மெஷின் ஒரே சத்தமாக ஓடியது. கை மெலிந்து, தோல் உரிந்து, வேறொருவன் கை மாதிரி இருந்தது. படம் எடுத்து வந்தார்கள். டாக்டர் விளக்கைப் போட்டார். வைத்த துண்டின் ஒரு பக்கக் கோடு மறைந்திருந்தது. மறுபக்கமும் ஏறக்குறைய மறைந்திருந்தது. மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார். முன்பு போல முழுக்க மடங்காது. முக்கால்வாசி வரும். பிடி வர நாள் ஆகும்.

"சேர்ந்துடுச்சு," என்றார்.

சுடலை தலையாட்டினான். சந்தோஷப்பட்டான் என்று சொல்ல முடியாது. கெலமங்கலம் ரோட்டில் ஒரு லேத் பட்டறையில் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னான். ஓனர் தெலுங்குக்காரர். கை சரியானதும் வா என்றிருக்கிறார். சம்பளம் பாதி.

போகிறவன் கட்டு ரூமில் நின்றான். மாவு ரோல் வைக்கிற மரப்பெட்டி மூடியை நான் தூக்கித் தரையில் வைத்துக்கொண்டிருந்தேன். அதன் கீல் எப்போதோ பிய்ந்து போயிருந்தது.

"அண்ணாச்சி, என் கீலு இருக்கா?"

இருந்தது. டிராயரில் போட்டு வைத்திருந்தேன். தூக்கிப் போட மனசு வரவில்லை. எடுத்துக் கொடுத்தேன். அட்டெண்டர் ரூமிலிருந்து திருப்புளி கொண்டு வந்து கொடுத்தேன். அவன் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து மூடியை வைத்துப் பார்த்தான். கண்ணைச் சுருக்கி ஓரம் பார்த்தான். வலது கையில் திருப்புளியைப் பிடித்தான்.

"இடது கையால பண்ணு," என்றேன்.

"இதாலதான் பண்ணணும்."

மெதுவாகத் திருகினான். ஒரு சுற்று, நிறுத்துவான். கையை உதறுவான். மறுபடி ஒரு சுற்று. டாக்டர் வாசலில் வந்து நின்றார். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கடைசித் திருகு போடும்போது அவன் கை ஆடியது. திருகு சாய்ந்து இறங்கிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கோணிருச்சு. எடுத்துட்டு மறுபடி போடுதேன் அண்ணாச்சி."

"விடுப்பா," என்றேன். "பிடிச்சிருக்குது பாரு."

மூடியைத் தூக்கி மூடினான். பிடித்திருந்தது.

அந்தப் பெட்டி இன்னும் கட்டு ரூமில்தான் இருக்கிறது. நீங்கள் தினமும் திறக்கிறீர்கள். பித்தளை கறுத்துப் போயிருக்கும். அதில் ஒரு திருகு மட்டும் சாய்ந்திருக்கும். யாராவது புதிதாக வந்தவர் பார்த்துவிட்டு நேராக்கப் போவீர்கள்.

வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.